கழல மறுக்கும் சில்லு நட்டு

மாட்டு வண்டியின் சில்லைக் கழற்றுவதற்கு எவரும் பாடம் கேட்கத் தேவையில்லை. கடையாணியை உருவிவிட்டால் சில்லு குடத்தோடு வெளியே வந்துவிடும். மோட்டார்க் காரிலே அந்த ஒற்றை ஆணியின் வேலையை நான்கு அல்லது ஐந்து மரையாணிகளும், அவற்றின்மேற் பூட்டிய நட்டுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஓட்டத்தின்போது கழலாமல் நிற்பது நட்டின் கடமை. கழற்ற வேண்டிய வேளையில் மனிதன் கைக்கு இணங்குவதும் அதன் கடமைதான். பழைய கார்களிலே நட்டு இந்த இரண்டாவது கடமையை மறந்துவிடுகிறது.

இலங்கையிலே பழைய கார் என்பது காட்சிசாலைப் பொருளன்று. 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனர், உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்பும் இந்நாட்டு வீதிகளில் ஓடுகின்றது. யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஒஸ்ரின் ஏ-40 காரைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990 களில் பெற்றோல் அரிதாகிவிட்ட நாட்களில் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு மணமக்களையும் நோயாளரையும் சுமந்தது அதுவே. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, உள்ளதைப் பேணி ஓடுவதே பலருக்கும் ஒரே வழியாக இருந்தது. ஆகவே இறுகிப்போன நட்டு என்பது பழம்பொருள் விரும்பிகளுக்கு மட்டும் உரிய தொல்லையன்று.

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக, சங்குப்பிட்டிப் பாலத்தை நோக்கி, ஒரு குடும்பம் இரவு வேளையில் பழைய மொறிஸ் மைனரில் வருவதாக வைத்துக்கொள்ளலாம். வழியில் ஒரு ரயர் காற்றுப் போய்விடுகிறது. மாற்றுச் சில்லு இருக்கிறது, ஜாக் இருக்கிறது, நட்டைத் திருப்பும் சாவியும் இருக்கிறது. மூன்று நட்டுகள் கழல்கின்றன. நான்காவது அசைய மறுக்கிறது. சாரதி சாவியின்மேல் ஏறி நின்று மிதிக்கிறார். வழியால் வந்த லொறிக்காரர் மனமிரங்கி நான்கு அடி இரும்புக் குழாய் ஒன்றைத் தருகிறார். குழாயைச் சாவியிற் செருகி இருவர் சேர்ந்து அழுத்துகின்றனர். ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுத்தது நட்டு அன்று, மரையாணி. இனி அந்தச் சில்லு மூன்று ஆணிகளில் வீடுவரை செல்லவேண்டும். மற்ற மூன்றும் அதே முறையில், அதே கைகளால் இறுக்கப்பட்டவை என்பதை எண்ணினால் அந்தப் பயணம் எத்தகையது என்பது விளங்கும்.

இங்கே பிழைத்தது பலம் போதாமை அன்று. பலம் எங்கே செல்கிறது என்பதை அறியாமை. நட்டு ஒன்றைத் திருப்பும்போது கை கொடுக்கும் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது என்பர் பொறியியலாளர். நட்டின் முகம் சில்லின்மேல் உராய்வதற்கு ஒரு பாதி. மரையோடு மரை உராய்வதற்கு மறு பாதியின் பெரும்பகுதி. எஞ்சும் சிறு பங்கே மரையாணியை இழுத்துச் சில்லைக் குடத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. மரையில் துரு ஏறினால் உராய்வு இன்னும் பெருகும். துரு என்பது இரும்பின்மேல் படியும் வெறும் தூசி அன்று. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலாக வீங்குகிறது. நட்டுக்கும் ஆணிக்கும் இடையேயுள்ள மயிரிழை இடைவெளியில் அந்த வீக்கம் நிகழும்போது, ஆப்பு அடித்தாற்போல் இரண்டும் பிணைந்துவிடுகின்றன. பிறகு சாவியிற் கொடுக்கும் வலு நட்டைத் திருப்புவதற்குப் பதிலாக ஆணியை முறுக்குகிறது. மொறிஸ் மைனரின் மரையாணி மூன்றெட்டு அங்குல விட்டமே உடையது; சிறுவிரலினும் மெல்லியது. அதன் நட்டுக்கு வேண்டிய இறுக்கம் ஏறத்தாழ 40 இறாத்தல்-அடி. 130 இறாத்தல் எடையுள்ள ஒருவர் ஓரடி நீளச் சாவியின் நுனியில் ஏறி நின்றாலே அதைப்போல் மூன்று மடங்கு வலு பிறக்கிறது. நான்கு அடிக் குழாயில் இருவர் அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

துருவுக்கு இந்நாட்டிற் பஞ்சமில்லை. குடாநாட்டின் எந்த ஊரும் கடலுக்கோ களப்புக்கோ நெடுந்தொலைவில் இல்லை. பண்ணைத் தாம்போதியையோ ஆனையிறவையோ நாள்தோறும் கடக்கும் கார், உப்புக் காற்றிற் குளித்துக்கொண்டே போகிறது. கொழும்பில் காலி வீதியை ஒட்டி நிறுத்தப்படும் காருக்கும் அதே கதிதான். எனினும் எல்லாப் பழியையும் கடற்காற்றின்மேற் போடுவது நேர்மையன்று. ரயர் ஒட்டும் கடைகளிற் காற்றழுத்தத் துப்பாக்கியால் நட்டைப் பூட்டும் வழக்கம் பரவியபின், இறுகிப்போன நட்டுகளிற் கணிசமான பங்கு துருவால் அன்றி அவசரத்தால் உண்டாகின்றது. அந்தத் துப்பாக்கி கழற்றுவதற்கு நல்ல கருவி. பூட்டுவதற்கு அளவு அறியாத கருவி. பூட்டும் வேலையைக் கையாற் செய்து முடிக்கும்படி கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இறுகிய நட்டைக் கழற்றும் வேலை, கூடுமானால், வீட்டு முற்றத்திலே, பகல் வெளிச்சத்திலே, முதல் நாளே தொடங்கவேண்டியது. கம்பித் தூரிகையால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை முதலிற் சுத்தம் செய்தல் வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. நட்டு கழன்று வரும் பாதை அந்த வெளிமரையே. பாதையிற் சேறும் துருவும் அடைத்துக்கொண்டிருந்தால், பாதி கழன்ற நட்டு அங்கே மீண்டும் சிக்கிக்கொள்ளும். அதன்பின் ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விடலாம். இன்று எங்கும் விற்கப்படும் டபிள்யூ. டி. 40 என்னும் எண்ணெய் 1953 இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உருவாகியது. நீரை அகற்றுவதற்கான கலவையின் நாற்பதாவது முயற்சி என்பதே அப்பெயரின் பொருள். ஈரத்தை விரட்டுவதில் அது கெட்டிக்காரன். ஆழமாகத் துருவினுள் இறங்குவதில் அதற்கென்றே செய்த எண்ணெய்கள் அதை விஞ்சும். அவை கிடையாத இடத்தில், மண்ணெண்ணெயோடு சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து விடும் பழைய கராஜ் வழக்கமும் பயன் தருவதே. எந்த எண்ணெயாயினும் அதன் மெய்யான துணை நேரந்தான். மாலையில் விட்டு, படுக்கப் போகுமுன் மீண்டும் விட்டு, காலையில் ஒருமுறை விட்டபின் சாவியை எடுப்பவர், எண்ணெய் விட்ட ஐந்தாம் நிமிடத்தில் சாவியை எடுப்பவரைவிடப் பாதி வலுவில் வேலையை முடிப்பார். ஆனால் துளிகள் என்றால் துளிகளே. மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளிலும் டிறம் பிறேக். மரையாணிகள் அதனை அடுத்தே நிற்கின்றன. தாராளமாக ஊற்றிய எண்ணெய் பிறேக்கின் உராய்வுப் பட்டையிற் பட்டால், கழலாத நட்டைக் காட்டிலும் பெரிய ஆபத்து அது.

காலையில் வேலை தொடங்கும்போது சில்லு தரையிலேயே இருக்கவேண்டும். ஜாக்கை வைத்து உயர்த்தியபின் இறுகிய நட்டோடு போராடுவது உயிரோடு விளையாடுவதாகும். சாவியில் ஒரு பக்கமாகக் கொடுக்கும் உதைப்பு, காரை ஜாக்கிலிருந்து தள்ளிவிடப் போதுமானது. கைப் பிறேக்கை இழுத்து, கழற்றாத சில்லுகளின் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைத்தல் அவசியம். கியரிற் போட்டிருக்கிறது, அது போதும் என்று சிலர் எண்ணுவர். பின்சில்லு ஒன்றை உயர்த்தும்போது அந்த எண்ணம் பொய்த்துவிடும். பின்னச்சின் நடுவிலுள்ள பல்சில்லுகள் இரு பக்கச் சில்லுகளையும் வெவ்வேறு விதமாகச் சுழல விடுகின்றன. ஆகவே அந்தரத்தில் நிற்கும் சில்லு பின்னோக்கிச் சுழல, தரையில் நிற்கும் சில்லு முன்னோக்கி உருண்டுவிடலாம். கியர் பிடித்திருந்தும் கார் நகரும் விந்தை இதுதான்.

சாவியும் நட்டுக்கு அளவாய் அமையவேண்டும். பழைய பிரித்தானியக் கார்களின் நட்டுகள் அங்குலக் கணக்கிற் செய்யப்பட்டவை. இன்று கடைகளில் எளிதிற் கிடைப்பவை மில்லிமீற்றர்ச் சாவிகள். முக்கால் அங்குல நட்டுக்கு 19 மில்லிமீற்றர்ச் சாவி கச்சிதமாக அமையும். வேறுபாடு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கே. ஆனால் பதினாறில் பதினொரு அங்குல நட்டு 17.46 மில்லிமீற்றர். அதற்கு 17 நுழையாது. 18 நுழைந்தாலும் ஆடும். அந்த ஆட்டத்திலேயே இறுகிய நட்டின் மூலைகள் மழுங்குகின்றன. ஆறு முகமும் பற்றும் சாவி நல்லது. பன்னிரண்டு மூலைச் சாவி மூலைகளை மட்டுமே பற்றும். சிலுவை வடிவச் சாவி கிடைத்தால் அது மிகச் சிறப்பு. ஒரு கை தாழ்த்த மறு கை உயர்த்தும்போது வலு முழுவதும் திருப்புவதற்கே செல்கிறது. ஆணி பக்கவாட்டில் வளைவதில்லை. ஒற்றைக் கை வளைசாவியில் இந்த நன்மை கிடையாது.

கழற்றப் புறப்பட்டவர் முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு திருப்பிப் பார்க்கவேண்டும் என்பது பழைய கைவினைஞரின் வழக்கம். கேட்பதற்கு விந்தையாகத் தோன்றினும் காரணம் உண்டு. துருப்பிடிப்பு எந்தத் திசையில் உடைந்தாலும் உடைவுதான். உடைந்தபின் எண்ணெய் உள்ளே இறங்கும். மிகையாக இறுக்கப்பட்ட நட்டுக்கு மட்டும் இந்த உபாயம் ஆகாது. சாவியைச் செருகி, நட்டின் முகத்திற் பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியலால் நாலைந்து சிறு தட்டுகள் தட்டுவதும் உதவும். நட்டுக்கு அசைவுதான் வேண்டும்; அடி வேண்டியதில்லை. சம்மட்டியை ஓங்கினால் குடத்தினுள்ளே இருக்கும் குண்டுத் தாங்கியில் வடு விழும். சில்லு பின்னர் முனகத் தொடங்கும்.

இந்த வேலையிற் கைக்கும் காதுக்கும் உள்ள பங்கைப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. துருப்பிடி விடும்போது டக்கென்று ஓர் ஒலி எழும். சாவி சட்டென்று ஒரு சிறு தூரம் நகரும். அது நற்செய்தி. அதற்கு மாறாக, ஒலி எதுவும் இன்றி, வெல்லப்பாகு இழுபடுவதுபோல் மெத்தென்று சாவி இணங்கி வந்தால் உடனே கையை எடுத்துவிடவேண்டும். இணங்குவது நட்டு அன்று, ஆணி முறுகுகிறது. இன்னும் கால் சுற்றுத் திருப்பினால் அது முறியும். அந்த இடத்தில் நிறுத்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, இன்னும் ஓர் இரவு காத்திருப்பவருக்கு ஆணி மிஞ்சும். நான்கில் ஒன்று மட்டும் இறுகியிருந்தால், மற்ற மூன்றையும் முற்றாகக் கழற்றிவிட்டு அந்த ஒன்றோடு போராடுவதும் தவறு. மூன்றையும் மீண்டும் அளவாய்ப் பூட்டினால் சில்லின் அழுத்தம் நான்கு இடத்திலும் பகிரப்படும். இறுகியதன்மேல் உள்ள பாரம் சிறிது குறையும். அந்த வேளையிற் சாவியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

திசை பற்றியும் ஒரு சொல். மொறிஸ் மைனரின் எல்லா நட்டுகளும் வழக்கமான வலமரை உடையன. கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினாற் கழலும். எல்லாப் பழைய வாகனங்களும் அப்படியல்ல. டொட்ஜ், பிளிமத் முதலிய கிறைஸ்லர் குழுக் கார்களில், 1970 ஆம் ஆண்டளவு வரை, இடப்பக்கச் சில்லுகளுக்கு இடமரை அமைந்திருந்தது. பெட்போர்ட் போன்ற பழைய லொறிகளிலும் இதே வழக்கம் உண்டு. ஓட்டத்தில் நட்டு தானாகக் கழலாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆணியின் நுனியில் 'எல்' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்திருந்தால் அது இடமரை. அதை அறியாமல் 'கழற்றுகிறேன்' என்று இறுக்கிக்கொண்டே போய் ஆணிகளை வரிசையாக முறித்தவர்களும் உண்டு. வொக்ஸ்வாகன் பீட்டிலில் நட்டே இல்லை. போல்ட்டுகள் நேரே டிறம்மினுள் ஏறுகின்றன. அங்கே போல்ட்டு முறிந்தால் எஞ்சிய துண்டு மரைத் துளைக்குள்ளேயே புதைந்துவிடும். அதை வெளியேற்றுவது கைதேர்ந்தவர் வேலை. அதற்கென்று விற்கும் உருவிக் கருவி உள்ளே முறிந்துவிட்டால், அது போல்ட்டைவிடக் கடினமான உருக்கு ஆகையால் சாதாரண துரப்பணம் அதன்மேல் ஏறாது.

தீயால் நட்டைச் சூடாக்கிக் கழற்றும் உபாயம் கராஜ்களில் உள்ளது. சூட்டினால் நட்டின் துளை எவ்வளவு விரிகிறது என்று பார்த்தால் வியப்பாயிருக்கும். 200 பாகை சூடேற்றினால், மூன்றெட்டு அங்குல நட்டு விரிவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆயினும் துருப்பிடியைக் குலைக்க அது போதும். ஆனால் சில்லில் ரயர் பூட்டியிருக்கும்போது அங்கே தீச்சுடரைக் காட்டுவது எவருக்கும் ஆகாது. இரும்பின் வழியே ஏறும் சூடு ரயரின் உட்புற இறப்பரைச் சிதைத்து வாயுவாக்கும். அந்த வாயு தீப்பற்றினால் ரயர் குண்டுபோல் வெடிக்கும். சுடரை அகற்றிச் சில நிமிடம் கழித்தும் வெடித்திருக்கிறது. காற்றை இறக்கிவிட்டாலும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. எண்ணெய் ஊறிய நட்டின் அருகே சுடர் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எண்ணெயும் நேரமும் சரியான சாவியும் தோற்ற இடத்தில், மூலை மழுங்கிய நட்டை உளியால் ஒரு பக்கம் வெட்டிப் பிளப்பதே நல்லது. நட்டு அழியும், ஆணி பிழைத்தால் இலாபம். ஆணியும் அழிந்தாற்கூட மொறிஸ் மைனரில் அதை அடித்து வெளியேற்றிப் புதிய ஆணி பொருத்தலாம். அதன் விலை ஒரு வைத்தியசாலை இரவின் விலைக்கு ஈடாகாது.

நட்டுகள் கழன்றபின் சில்லே குடத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பதும் உண்டு. சில்லில் அலுமினியக் கலவை பொருத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். இரும்பும் அலுமினியமும் உப்பு நீரில் நனைந்து தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெண்பொடியாகி இறுகிக்கொள்ளும். ஜாக்கில் நிற்கும் காரின் சில்லை உதைப்பது கூடாது. எல்லா நட்டுகளையும் மீண்டும் கையால் ஏற்றி, அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, ஜாக்கை இறக்கி, சமதரையிற் காரை முன்னும் பின்னும் இரண்டு மூன்று அடி மெதுவாக அசைத்தால், காரின் எடையே ஒட்டைப் பிரித்துவிடும். மனிதன் தோளால் முடியாததை இருபது அந்தர்ப் பாரம் ஓசையின்றிச் செய்யும் இடம் இது.

மீண்டும் பூட்டுவதிலேயே அடுத்த முறை கழற்றும் வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. குடத்தின் முகத்தையும் சில்லின் உட்புறத்தையும் தேய்த்துத் துடைத்து, குடத்தின் நடு விளிம்பில் மட்டும் கிறீஸை விரல் நுனியால் பூசலாம். மரைக்கு எண்ணெய் இடலாமா என்பதிற் கராஜ்காரரும் காரைச் செய்தவரும் ஒருமிப்பதில்லை. செய்தவர் சொன்ன அளவுகள் உலர்ந்த மரைக்கு உரியவை. மரை வழுக்கினால், அதே கைவலு ஆணியை மிகையாக இழுத்துவிடும். கடற்கரையூர்க் கராஜ்காரருக்கோ துருதான் நாளாந்தப் பகை. மரையைத் தூரிகையால் நன்கு துலக்கி, எண்ணெய்த் துணியால் ஒருமுறை ஒற்றி, வடிந்ததைத் துடைத்துவிட்டுச் சற்றுக் குறைந்த வலுவில் பூட்டுவது இரு சாராருக்கும் இடையே நிற்கும் நியாயமான வழி. நட்டின் கூம்பு முகமும் அது அமரும் குழியும் எண்ணெயின்றி இருத்தல் வேண்டும்.

நட்டுகள் நான்கையும் முதலிற் கையாலேயே ஏற்றவேண்டும். கூம்பு முகம் சில்லை நோக்கியிருக்கவேண்டும். ஒன்றை இறுக்கியபின் அதற்கு எதிரே உள்ளதை இறுக்கி, குறுக்கும் மறுக்குமாகச் செல்லவேண்டும். காரைத் தரையில் இறக்கியபின் கடைசி இறுக்கம். அளவு காட்டும் சாவி உள்ளவர் அதைப் பாவிக்கட்டும். இல்லாதவர் ஓரடிச் சாவியின் நுனியை ஒரு கையால் உறுதியாக அழுத்துவதோடு நிறுத்தலாம். காலுக்கு அங்கே வேலையில்லை. புதிதாகப் பூட்டிய சில்லு ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியபின் சற்றுத் தணிந்து அமரும். அப்போது நட்டுகளை மறுமுறை பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே புறப்படுகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைப்பது நெடுநாள் வழக்கம். தூரமும் பொருத்தம், நிழலும் உண்டு. தேங்காய் உடைத்த கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்து நான்கு சில்லுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஏற ஐந்து நிமிடம் போதும்.